உலகின் மூலை முடுக்குகளில் இருக்கும் சோல், ராக் இசையைத் தேடிக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், திருச்சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இருவர் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். நான் இளமையில் ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில், மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்துக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் வேலையில் இருந்தவன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோல் இசை என்றால் என்ன? ராக் இசையோடு அதை ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, 1950களின் பிற்பகுதியில் ஆலயத்தை விட்டு வெளியே வந்து காதலையும் பிரிவையும் வறுமையையும் பாடத் தொடங்கியபோது பிறந்தது சோல் இசை. ரே சார்ல்ஸ், சாம் குக், அரீதா ஃபிராங்க்ளின் ஆகியோர் அந்த வழியைத் திறந்தவர்கள். பாடுகிறவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வதுதான் அதன் எலும்புக்கூடு. ஆடிக் கொடையில் சுடலைமாடன் கோயில் முன்பு விடிய விடிய வில்லிசை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புலவர் ஒரு வரியை நிறுத்தும் இடத்தில் பின்பாட்டுக்காரர் "ஆமா" என்று ஏற்றுக்கொள்வதும், குடத்தின் அடி நம் நெஞ்சுக்குள் விழுவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. சோல் பாட்டில் குடம் இருக்கும் இடத்தில் பேஸ் கிட்டார் இருக்கிறது.

ராக் இசைக்கும் அதே கறுப்பின மக்களின் புளூஸ் இசைதான் வேர். 1960களில் இவை வானொலி வழியாகவும் கப்பல் வழியாகவும் பிற நாடுகளுக்குப் போனபோது, சாம்பியாவின் லூசாக்காவிலோ எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலோ இருந்த இளைஞர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே இரவில் ஒரே குழு இரண்டையும் வாசித்தது. ஆகவே அமெரிக்காவுக்கு வெளியே தேடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை பயன்படாது.

எனக்கு ஆங்கிலப் பாட்டே சரியாகப் புரியாது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியிலும் துருக்கி மொழியிலும் பாடினால் எப்படி ரசிப்பது?

காதில் ஏற்கெனவே இருப்பதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். எத்தியோப்பிய இசையில் திஸிதா என்று ஒரு பண் உண்டு. நினைவு, ஏக்கம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். அதன் ஒரு வகையில் வரும் ஐந்து சுரங்கள் நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள்தான். எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அகமது பாடுவதை முதன்முறை எங்கள் மாடியில் போட்டபோது, நாகசுர வீட்டுப் பிள்ளை ஒருவர் பாட்டு முடிவதற்குள் அதோடு சேர்ந்து முனகத் தொடங்கினார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை.

அந்த நாட்டின் கதையும் அறியத் தக்கது. பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான ஹைலி செலாசி 1924இல் எருசலேமுக்குப் போனபோது, அங்கே ஆர்மீனிய அனாதைச் சிறுவர்கள் 40 பேர் பித்தளைக் கருவிகள் வாசிப்பதைக் கேட்டு, அவர்களை அரசவைப் பேண்டாக எத்தியோப்பியாவுக்கு அழைத்து வந்தார். அந்த மரபில் காவல்துறைக்கும் அரசரின் மெய்க்காவல் படைக்கும் பேண்டுகள் உருவாயின. 1960களின் பாடகர்கள் பலர் அவற்றிலிருந்து வந்தார்கள். மஹ்மூத் அகமது சிறுவயதில் செருப்புக்குப் பாலிஷ் போட்டவர். ஓர் இரவு விடுதியில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தபோது, 1962இல் மேடையேறும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1974இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரடங்கு போட்டதும் இரவு விடுதிகள் அடங்கிப்போயின. 1990களின் கடைசியில் பிரான்சிலிருந்து வெளிவரத் தொடங்கிய எத்தியோப்பிக் என்ற தொகுப்பு வரிசைதான் இந்தப் பாட்டுகளை மீண்டும் உலகத்தின் முன் வைத்தது. அதன் நான்காம் தொகுதி, முலாத்து அஸ்தாத்கேயின் பாட்டில்லாத இசை. மொழி தடையாக இருக்குமோ என்று தயங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரே ஒரு நாட்டிலிருந்து தொடங்கு என்றால் எந்த நாட்டைச் சொல்வீர்கள்?

சாம்பியா. தாமிரபரணிக் கரையில் பிறந்த நான் தாமிரச் சுரங்க நாட்டின் பெயரைச் சொல்வது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த இசை தோன்றியதற்கும் மறைந்ததற்கும் தாமிரம் ஒரு முக்கியக் காரணம்.

1964இல் விடுதலை பெற்ற சாம்பியாவில் தாமிரச் சுரங்கங்களால் பணம் புழங்கியது. கிட்வே, இண்டோலா போன்ற சுரங்க ஊர்களில் சம்பளம் வாங்கிய இளைஞர்கள் மாலையில் ஆட, அவர்களுக்காகக் குழுக்கள் வாசித்தன. வானொலியில் 95 விழுக்காடு உள்நாட்டு இசையாக இருக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா ஆணையிட்டதும், மேற்கத்தியப் பாட்டை நகலெடுத்துக்கொண்டிருந்த குழுக்கள் சொந்தப் பாட்டை எழுத வேண்டியதாயிற்று. கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டியான ஃபஸ் பெடல், ஆப்பிரிக்கத் தாளம், ஆங்கிலமும் பெம்பாவும் நியாஞ்சாவும் கலந்த சொற்கள் எல்லாம் சேர்ந்து உருவானதே ஜாம்ராக்.

விட்ச் என்ற குழுதான் அதில் முதன்மையானது. அதன் பாடகர் இம்மானுவேல் சாண்டாவை மக்கள் ஜகாரி என்று அழைத்தார்கள். மிக் ஜாகர் என்ற ஆங்கிலப் பாடகரின் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட பெயர் அது. அமனாஸ் என்ற இன்னொரு குழு 1975இல் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. விட்ச் கொண்டாட்டம் என்றால், அமனாஸ் அந்தி நேரம். கிட்டார் ஒன்று மட்டும் மெதுவாக நடக்க, பாடுகிறவர் குரலை உயர்த்தாமல், பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பனிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். எனக்கு இந்த இசைத்தட்டின் மேல் உள்ள அன்பை நான் மறைக்க விரும்பவில்லை.

1970களின் நடுவில் உலகச் சந்தையில் தாமிர விலை விழுந்தது. நாடு வறுமையில் ஆழ்ந்தது. ஊரடங்கால் இரவு நிகழ்ச்சிகள் நின்றன. பிறகு எய்ட்ஸ் நோய் வந்து அந்தத் தலைமுறை இசைஞர்கள் பலரைக் கொண்டுபோயிற்று. விட்ச் குழுவின் தொடக்கக்கால உறுப்பினர்களில் உயிரோடு எஞ்சியவர் ஜகாரி ஒருவரே. பல ஆண்டுகள் அவர் ரத்தினக்கல் தோண்டிப் பிழைத்தார். இசைத்தட்டுகள் மறுபதிப்பானதும் அவரைத் தேடி ஆட்கள் போனார்கள். புதிய இளைஞர்களோடு மீண்டும் மேடையேறிய அவர், 2023இல் புதிய ஆல்பமே வெளியிட்டார்.

செயலியே அடுத்த பாட்டைத் தானாகப் போடுகிறதே, நாம் ஏன் தேட வேண்டும்?

செயலி உங்களுக்குப் பிடித்ததைப் போன்ற ஒன்றைக் கொடுக்கும். யாரோடு யார் வாசித்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால், உங்களுக்குப் பிடிக்கும் என்று நீங்களே அறியாத ஒன்று கிடைக்கும். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் உடனே மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்த ஒலிப்பதிவுக்கூடம், பின்னால் வாசித்தவர்கள் யார், எந்த லேபிள், அதாவது இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம் எது. டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் பெரும்பாலான இசைத்தட்டுகளுக்கு இந்த விவரங்கள் இருக்கின்றன. இதை நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவதால் ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

மெம்ஃபிஸ் நகரத்தில் மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரை 1960இல் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டல் ஆக்ஸ்டனும் வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினார்கள். அதுதான் ஸ்டாக்ஸ். நாற்காலிகளைக் கழற்றினார்கள், ஆனால் திரையை நோக்கிச் சரியும் தரையைச் சமப்படுத்தப் பணம் இல்லாமல் அப்படியே விட்டார்கள். அந்தச் சரிவும் உயரமான கூரையும் சேர்ந்து அந்த அறைக்கென்று ஓர் ஒலியைக் கொடுத்தன. தின்பண்டம் விற்ற முகப்பை எஸ்டல் ரெக்கார்டுக் கடையாக்கி, எந்தப் பாட்டைத் தெருப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று கவனித்துத் தம்பியிடம் சொல்வார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறப் பிரிவினை கொடிகட்டிப் பறந்த காலத்தில், கறுப்பரும் வெள்ளையரும் அந்தச் சரிந்த தரையில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள்.

ஓட்டிஸ் ரெடிங் என்ற பாடகர் வழியாக ஸ்டாக்ஸை அடைகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதே ஊரில் இன்னொரு பழைய தியேட்டர் இருந்தது. அதுவும் ராயல் என்ற ஒலிப்பதிவுக்கூடம் ஆனது. அங்கே வில்லி மிட்செல் என்பவர் பொறுப்பில் இருந்தார். ஹாட்ஜஸ் குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் கிட்டாரும் பேஸும் ஆர்கனும் வாசித்தார்கள். ஆல் கிரீன் பாட்டை விரும்பி, அவருக்குப் பின்னால் வாசிப்பவர்கள் யார் என்று தேடினால் இந்தச் சகோதரர்கள் கிடைப்பார்கள். அவர்கள் வேறு யாருக்கு வாசித்தார்கள் என்று கேட்டால் ஆன் பீபிள்ஸ் கிடைப்பார், அடுத்ததாக ஓ. வி. ரைட்.

ஓ. வி. ரைட் ஆலயப் பாடகராக இருந்து வந்தவர். 1980இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய பாட்டு ஒன்றில், எல்லாவற்றையும் இழந்தவன் சட்டைப் பையில் மிஞ்சியிருப்பவை ஐந்து சென்ட் நாணயம் ஒன்றும் ஓர் ஆணியும். இரண்டும் உரசிச் சத்தம் கேட்டால், பையில் காசு இருப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளும். மானத்தைக் காப்பாற்றுகிற அந்த ஆணியின் சத்தத்தை அவர் குரலில் கேட்ட பிறகு, இந்த மனிதரை உலகம் ஏன் கொண்டாடவில்லை என்ற கேள்வி என்னை இன்றும் விடவில்லை. எந்தச் செயலியும் இவரை எனக்குக் காட்டவில்லை.

பாடியவர் பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? பாட்டு நன்றாக இருந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கம்போடியாதான் பதில்.

1960களில் புனோம் பென் நகரத்தில் ஒரு பெரிய பாட்டு உலகமே இருந்தது. சின் சிசாமுத் மென்மையான குரலால் நாட்டையே கட்டிப்போட்டார். பட்டாம்பாங் மாகாணத்து ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த ரோஸ் செரெய் சொதியாவுக்குத் தலைநகரின் பொற்குரல் என்று நாட்டின் தலைவராக இருந்த சிஹானுக் பட்டம் கொடுத்தார். அண்டை நாடான வியட்நாமில் அமெரிக்கப் படையினருக்காக ஒலிபரப்பான வானொலி, எல்லை தாண்டி அவர்கள் காதுக்கும் வந்தது. கம்போடியாவின் கெமர் மெட்டும் மின் கிட்டாரும் ஒன்றாயின. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு கிளர்ச்சிப் படை நகரத்தைப் பிடித்து, மக்களை வயல்களுக்குத் துரத்தியது. நான்கு ஆண்டுகளுக்குள் சின் சிசாமுத், ரோஸ் செரெய் சொதியா, பான் ரோன் ஆகியோர் மறைந்தார்கள். அவர்கள் எங்கே, எப்படி இறந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை.

1990களின் நடுவில் அமெரிக்காவில் 'கம்போடியன் ராக்ஸ்' என்று ஒரு தொகுப்பு வெளிவந்தது. கம்போடியாவுக்குப் போன பயணி ஒருவர் வாங்கி வந்த கேசட்டுகளிலிருந்து தொகுத்தது அது. அதில் பாடகர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. உலகம் அந்தப் பாட்டுகளை வியந்து கேட்டது. யார் பாடியது என்று அறியாமலே கேட்டது. கொன்றவர்கள் அழிக்க நினைத்த பெயர்கள், விரும்பிக் கேட்டவர்களாலும் விடுபட்டுப்போயின. பிறகு கம்போடிய மக்களும் ஆர்வலர்களும் ஒவ்வொரு பாட்டாக அடையாளம் கண்டு பெயர் சேர்த்தார்கள். கேசட் பதிந்த காலத்தில் நானும் இடம் போதவில்லை என்று பாடகர் பெயரை விட்டுவிட்டுப் படத்தின் பெயரை மட்டும் உறையில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படிச் செய்ய மாட்டேன்.

நாட்டார் மெட்டை மின் கிட்டாரில் வாசிப்பது மரபைக் கெடுப்பது ஆகாதா?

துருக்கியைக் கேட்டுப் பாருங்கள். ஹுரியத் நாளிதழ் 1965இல் தங்க ஒலிவாங்கி என்ற பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. துருக்கிப் பாட்டாக இருக்க வேண்டும், மேற்கத்தியக் கருவிகளில் வாசிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. அதற்காக நகரத்துப் பிள்ளைகள் அனடோலிய கிராமங்களின் மெட்டுகளைத் தேடிப் போனார்கள். ஜெம் கராஜா, பாரிஷ் மான்சோ, எர்கின் கோராய், செல்தா பாஜான் என்று ஒரு தலைமுறை எழுந்தது. பாக்லாமா என்ற நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவிக்கு மின்சாரம் கொடுத்து அவர்கள் வாசித்ததைக் கேட்டால், கிராமத்துப் பாட்டு இளைத்துப்போனதாகத் தோன்றாது. செல்தாவின் 1976ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பரிந்துரைக்கிறேன்.

எங்கள் ஊரில் மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்களே, அப்படி வேறெங்காவது உண்டா?

சகாராப் பாலைவனத்தின் ஓரத்தில் உண்டு. மாலி நாட்டுக் கிடால் போன்ற ஊர்களில் இணையம் எட்டாத காலத்தில், பாட்டுகள் கைபேசியிலிருந்து கைபேசிக்கு ப்ளூடூத் வழியாகவே பயணித்தன. கிறிஸ்டோபர் கெர்க்லி என்ற அமெரிக்கர் அந்த மெமரி கார்டுகளைச் சேகரித்து, பாடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பங்கு கொடுத்துத் தொகுப்பாக வெளியிட்டார். அதில் வெளியே தெரியவந்தவர்களில் ஒருவர் நைஜர் நாட்டைச் சேர்ந்த இம்தூ மொக்தார். சிறுவயதில் கிட்டார் வாங்க வழியில்லாமல், மரத்தைச் செதுக்கி, சைக்கிள் பிரேக் கம்பிகளை நரம்பாகக் கட்டி வாசிக்கப் பழகியவர் அவர். இன்று உலக மேடைகளில் வாசிக்கிறார்.

தமிழில் இப்படித் தேடிக் கேட்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நம் கடலுக்கு அக்கரையிலேயே. சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட ஊர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அதன் வழியாகத்தான் இலங்கைப் பொப் பாடல்கள் நம் வீடுகளுக்கு வந்தன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டுத் தாளத்தில் அமைந்த அந்தக் காலத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் தாத்தா, ஆச்சியிடம் கேளுங்கள். பரணில் கேசட் இருந்தால் தூக்கி எறிய விடாதீர்கள்.

சென்னை, பெங்களூர் போன்ற நகரத்தில் இருந்தால்தானே இதெல்லாம் முடியும்?

இங்கிலாந்தின் வடபகுதியில் விகன் என்பது ஒரு தொழிற்சாலை ஊர். 1973 முதல் 1981 வரை அங்கே ஒரு நடன அரங்கில், வாரம் முழுக்க ஆலையில் உழைத்த இளைஞர்கள், அமெரிக்காவில் விற்காமல் போன சோல் இசைத்தட்டுகளுக்கு விடியும்வரை ஆடினார்கள். அமெரிக்கா மறந்த பாடகர்கள் பலரை லண்டன் மீட்கவில்லை, இந்த ஊர்க்காரர்கள் மீட்டார்கள். 1965இல் அச்சாகி விற்பனைக்கு வராமலேயே நின்றுபோன ஃபிராங்க் வில்சனின் இசைத்தட்டு ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது இந்த ரசிகர்களால்தான். இப்போது நமக்குக் கைபேசியில் ரேடியோ கார்டன் இருக்கிறது. உருண்டையான உலகப் படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த ஊர் வானொலி பாடும். வண்ணார்பேட்டையில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும் அந்தப் புள்ளி ஒன்றுதான்.

எதில் கேட்பது நல்லது?

கம்பியுள்ள சாதாரண ஹெட்போன் போதும். சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு ஒரு சோல் பாட்டைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். பேஸ் கிட்டார் அதில் காணாமல் போய்விடும்.

இசைத்தட்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அவசரம் இல்லை. வெளியூரிலிருந்து நான் வரவழைத்த முதல் எல்பி, அக்னி நட்சத்திர வெயிலில் எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து, அப்பளம்போல் நெளிந்து வந்து சேர்ந்தது. விற்றவர் பொறுப்பேற்கவில்லை. ஊசி ஒவ்வொரு சுற்றிலும் மேடு ஏறி இறங்கும்போது குரலும் ஏறி இறங்கும். அதைக் கேட்கவே மனம் பொறுக்கவில்லை. பங்குனி முதல் ஆவணி வரை நம் ஊருக்கு எதையும் வரவழைக்க வேண்டாம். வந்ததைப் படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள்.

எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆல்பத்துக்குக் கொடுங்கள். அதுவும் பாடியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ போய்ச் சேரும் என்று தெரிந்த இடத்தில் கொடுங்கள். சிகாகோவில் 2003இல் தொடங்கிய நியூமரோ குரூப் போன்ற மறுபதிப்பு லேபிள்கள், மறைந்துபோன சிறு லேபிள்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தம் போட்டு, அந்தக் கதைகளையும் கையேடாக அச்சிட்டுத் தருகின்றன. அந்தக் கையேடுதான் அடுத்த தேடலுக்கு வழிகாட்டும். பேண்ட்கேம்ப் தளத்தில் கோப்பாக வாங்கினால், தளம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 15 விழுக்காடுதான். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி லேபிளுக்கோ பாடகருக்கோ போகிறது. யாரோ வலையேற்றிய நகலை நாம் ஆயிரம் முறை கேட்டாலும் ஜகாரிக்கு ஒரு காசும் போகாது.

அடுத்த ஞாயிறு வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தாராளமாக வரலாம். மாலை ஐந்தரைக்குத் தொடங்குவோம். ஒருவர் ஒரு பாட்டு மட்டும் கொண்டுவர வேண்டும்; அதைப் பேச்சில்லாமல் முழுதும் கேட்போம், விரும்பினால் இன்னொரு முறையும் கேட்போம். அதோடு ஒரு துண்டுத் தாளில் பாடியவர் பெயர், பின்னால் வாசித்தவர்களில் உங்களுக்குக் கிடைத்த பெயர்கள், பதிவான ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். பாட்டு ஒலிக்கும் முன் அந்தத் தாளை நீங்களே எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.